பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த குழந்தை: வெளிநாட்டு உறவினர் தத்தெடுக்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கணவன், மனைவி இருவரும் ஒரே பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பது சாதாரணம். அதனால் ஒரு வெடி விபத்து நடந்தால், சில வீடுகளில் அப்பா, அம்மா இருவருமே ஒரே நாளில் இல்லாமல் போகிறார்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

துக்கம் விசாரிக்க வரும் சொந்தங்கள் முதலில் பேசுவது பிள்ளைகளைப் பற்றித்தான். "புள்ளைய நாங்க கூட்டிட்டுப் போயி வளர்த்துக்கிறோம்" என்று வளைகுடாவிலோ, சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ இருக்கும் உறவினர் சொல்லலாம். நல்ல மனசுதான். ஆனா சட்டப்படி அது அவ்வளவு சுலபமா?

உறவினர் என்றால் யார்?

2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இதற்குத் தெளிவான வரையறை வைத்திருக்கிறது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் உள்ள தாத்தா, பாட்டி. பெரியப்பா, சித்தப்பா, அத்தை. தாய்மாமா, பெரியம்மா, சித்தி. இவ்வளவுதான்.

நம்ம ஊர் வழக்கில் ஒன்றுவிட்ட சித்தப்பாவும் சித்தப்பாதான். சட்டத்தில் அவர் உறவினர் இல்லை. அவர் பொதுவான தத்தெடுப்பு வரிசையில்தான் பதிவு செய்ய வேண்டும். அதில் 'இந்தக் குழந்தைதான் வேண்டும்' என்று கேட்க முடியாது.

பத்திரம் எழுதினால் போதாதா?

போதாது. இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் 1956-ன்படி, பெற்றோர் இருவரும் இறந்துவிட்டால், காப்பாளர் குழந்தையைத் தத்துக் கொடுக்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். பாட்டி முத்திரைத்தாளில் கைரேகை வைத்துக் கொடுத்தால் அது செல்லாது. குழந்தையை வெளிநாடு கொண்டுபோக மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் தடையில்லாச் சான்றும் கட்டாயம்.

சட்டப்படியான வழி எது?

சிறார் நீதிச் சட்டத்தின் 60-வது பிரிவு வெளிநாட்டு உறவினர்களுக்கானது. தத்தெடுப்பவர், தான் வசிக்கும் நாட்டில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு மூலம் காராவில் பதிவு செய்ய வேண்டும். அங்கே அவரது குடும்பம், வருமானம், உடல்நிலை பற்றி ஆய்வு நடக்கும். இங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு குழந்தையின் குடும்ப நிலையை விசாரிக்கும்.

பெற்றோர் இல்லாத நிலையில் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். குழந்தைக்கு 5 வயது நிரம்பியிருந்தால், அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும். தத்தெடுப்பு ஆணையும் காராவின் தடையில்லாச் சான்றும் கிடைத்தால்தான் பயணம்.

என்ன மாறியிருக்கிறது?

முன்பு தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றம் வழங்கியது. வழக்குகள் தேங்குகின்றன என்று சொல்லி 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2022 செப்டம்பர் 1 முதல் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் போனது. 2 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி.

விருதுநகரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. விபத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அதற்கான நிதியும் ஆட்சியர் பொறுப்பில்தான் வருகிறது. குழந்தை ஊரிலேயே படித்தாலும், கடல் கடந்து போனாலும், கையெழுத்து ஒரே அலுவலகத்தில்தான்.

இழப்பீட்டுப் பணம் யாருக்கு?

பலர் கவனிக்காத இடம் இது. தத்துப் போனபின் குழந்தைக்குப் பிறந்த குடும்பத்துடனான சட்ட உறவு முடிகிறது. ஆனால் தத்தெடுப்புக்கு முன்பே குழந்தைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து குழந்தைக்கே சொந்தம் என்கிறது 63-வது பிரிவு. பெற்றோரின் உயிருக்கு ஈடாகக் குழந்தை பெயரில் வந்த பணம் தத்தெடுத்தவருக்கோ, ஊரில் இருக்கும் பங்காளிக்கோ போகாது.

இவ்வளவு கெடுபிடி ஏன்?

தத்து என்ற பெயரில் குழந்தைகள் விற்கப்படுவதையும், வீட்டு வேலைக்கு அனுப்பப்படுவதையும் தடுக்கத்தான். 1984-ல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள்தான் இதற்கு அடித்தளம். 2003-ல் இந்தியா ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. இன்று ஆதரவற்ற குழந்தையை விதிகளை மீறித் தத்துக் கொடுத்தாலோ வாங்கினாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விற்றால் 5 ஆண்டு வரை கடுங்காவல். முறைப்படி வெளிநாடு சென்ற குழந்தையின் நலன் பற்றியும் 2 ஆண்டுகள் அறிக்கை வர வேண்டும்.

தத்து மட்டும்தான் வழியா?

இல்லை. பாட்டி வளர்க்க முடியும், ஆனால் வருமானம் இல்லை என்றால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி கிடைக்கும். வெளிநாட்டு உறவினர் தத்தெடுக்காமலே படிப்புக்குப் பணம் அனுப்பலாம். அப்பா, அம்மாவை இழந்த குழந்தைக்குப் பள்ளியும் தெருவும் பாட்டியும் மிச்சம் இருக்கின்றன. அவற்றையும் விட்டுப் போவதுதான் நல்லதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குடும்பத்துக்கே குழப்பமாக இருந்தால், 1098 என்ற எண்ணில் கேட்கலாம்.