விடுவதற்கும் செலவாகும்

கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கி 'ஆர்ம்ஸ்' பார்க்காத இளைஞர் உண்டா? (கல்யாணமானவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார்கள், அவ்வளவுதான்.) மடக்கினால் புடைக்கிறதே தசை, அதற்குள் இருக்கும் இழைகள் சுருண்டு குட்டையாகின்றன என்றுதான் ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே நினைத்தார்கள்.

1954 மே மாதம் 'நேச்சர்' பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள். ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரால்ஃப் நீடர்கெர்க்கே எழுதியது. மற்றது ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிக்கும் சொந்தபந்தம் கிடையாது. ஆனால், சொன்னது ஒரே விஷயம்: இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றையொன்று உரசி வழுக்கிக்கொண்டு போகின்றன. இரண்டு சீப்புகளை எதிரெதிரே வைத்து, பல்லுக்குள் பல்லாகத் தள்ளிப் பாருங்கள். பல் குட்டையாகாது, மொத்த நீளம் குறையும். அதேதான்.

மெல்லிய இழையின் பெயர் ஆக்டின். தடித்தது மயோசின். மயோசினிலிருந்து பொடிப்பொடியாய்த் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நரம்பு வழியாக உத்தரவு வந்ததும் தசை செல்லுக்குள் கால்சியம் கொட்டி, ஆக்டின் மேலிருக்கும் பூட்டைத் திறக்கும். உடனே தலைகள் ஆக்டினைப் பிடித்து ஓர் இழுப்பு. விட்டு, அடுத்த இடத்தில் பிடி. கிணற்றில் தண்ணீர் சேந்துவது மாதிரி. ஓர் இழுப்புக்கு நகர்வது மில்லிமீட்டரில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு! கோடானுகோடி தலைகள் இழுப்பதால் டீ கிளாஸ் வாய்க்கு வந்து சேர்கிறது.

இதற்கான எரிபொருள் ஏ.டி.பி. என்கிற மூலக்கூறு. 'இழுக்கத்தானே சக்தி வேணும், விடுவதற்கு என்ன செலவு?' என்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. தலை தன் பிடியை விடவேண்டுமானால் ஒரு ஏ.டி.பி. வந்து அதில் ஒட்ட வேண்டும். அது உடைந்து தரும் சக்தியில்தான் தலை அடுத்த இழுப்புக்கு நிமிரும். ஏ.டி.பி. வராவிட்டால் பிடித்தது பிடித்தபடி.

இறந்தவர் உடல் சில மணி நேரத்தில் விறைப்பது இதனால்தான். மூச்சு நின்றதும் ஏ.டி.பி. தயாரிப்பு படுத்துவிடும். இருப்பும் தீர்ந்தபின், விட வழியில்லாமல் தலைகள் அப்படியே நிற்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து புரதங்கள் சிதைய ஆரம்பித்தால்தான் தளர்வு. சாவு வீட்டில் பெரியவர்கள் அழுகைக்கு நடுவிலும் கண்ணை மூடி, தாடையைத் தூக்கிக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுகிறார்களே, சடங்கு மட்டுமில்லை அது. நேரமானால் உடம்பு சொன்னபடி கேட்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஆர்ம்ஸ் இளைஞர்களே, கை மடங்குவதற்கு மட்டுமில்லை, மறுபடி தளர்கிறதே, அதற்கும் சந்தோஷப்படுங்கள். மானேஜர் ரூமிலிருந்து வெளியே வரும்போது இறுகியிருக்கும் முஷ்டிக்கும் இதே விதிதான். ஏ.டி.பி. இருக்கும்போதே விட்டுவிடுங்கள் சார்!