ரெண்டும் ஒண்ணுதானாம்!

"ரெண்டும் ஒண்ணுதான் சார், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று சொல்லும் பெயிண்ட் கடைக்காரரை நம்பாதீங்க மக்களே. பட்டுட்டு எழுதறேன்.

அம்மா ரூமுக்கு பெயிண்ட். ஷேட் கார்டில் கடைசியாக மிஞ்சியது இரண்டு. ஒன்று வெளிறின சந்தனம், இன்னொன்று பிஸ்கட். கடை ட்யூப்லைட்டில் அரை மணி நேரம் வாக்குவாதம். தங்கமணி ஜெயித்தார் (வேறென்ன நடக்கும்?). பிஸ்கட்!

நாலு சுவரும் முடிந்து சாயங்காலம் பார்த்தால் ரூம் முழுக்க ரோஸ். அம்மாவுக்கு போன வருஷம்தான் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. "இப்பதாண்டா கலரெல்லாம் பளிச்சுனு தெரியுது. ரோஸ் பவுடர் அப்பின மாதிரி இருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். நாள் பூரா அந்தச் சுவரைப் பார்க்கப்போறவங்க அவங்கதான். அவங்களை விட்டுட்டு ரெண்டு பேர் கடையில நின்னு முடிவு பண்ணியிருக்கோம்.

கார்டு மேல்தான் என் கோபமெல்லாம். தபால்தலை சைஸ் துண்டை வைத்து ஒரு ரூமை எப்படி முடிவு பண்றது? நாலு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று கலரை அடிக்கும், சாயம் கூடித்தான் தெரியும். அப்புறம் வெளிச்சம். 6500 கெல்வின் ட்யூப்லைட்டில் ஒரு மாதிரி, 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் வேற மாதிரி. எல்.ஆர்.வி. நம்பரைப் பார்த்து வாங்குங்கன்னு சில மேதாவிகள் சொல்வாங்க. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருதுன்னுதான் அது சொல்லும், எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லாது. அமெரிக்காவில் ஷெர்வின் வில்லியம்ஸின் அக்ரீயபிள் கிரே 60, அக்ஸசிபிள் பீஜ் 58. ரெண்டே ரெண்டு நம்பர் வித்தியாசம். ஆனா ஒண்ணு சாம்பல் பக்கம், இன்னொண்ணு பழுப்பு பக்கம்.

கார்டையே ஒரு வெள்ளை பேப்பர் மேல வச்சிருந்தா எங்க பிஸ்கட்டோட ரோஸ் அன்னிக்கே பல்லிளிச்சிருக்கும். அதுகூடத் தோணலை.

மறுபடி செய்தப்போ ரெண்டு பெரிய அட்டையில் ரெண்டு கோட் அடித்து, நல்லா காயவிட்டு (எமல்ஷன் காய்ஞ்சா கொஞ்சம் கருக்கும்), அம்மா கட்டிலுக்கு எதிரே ரெண்டு நாள் சாத்தி வைத்தேன். காலையில பார்த்தாங்க, ராத்திரி லைட் போட்டும் பார்த்தாங்க. சந்தனத்தைக் காட்டினாங்க. தங்கமணி வாயே திறக்கலை.

பி.கு: பிஸ்கட் நாலு லிட்டர் மிச்சம் இருக்கு. யாருக்காவது வேணுமா? :)