நோன்பின் கட்டுப்பாடு மதகுக்கும் வேண்டும்

1996இல் வெண்புள்ளி நோய் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட இறால் பண்ணைகளைச் சூறையாடியது. வைரஸ் வந்தது எவர் குற்றமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதைக் குளத்துக்குக் குளம் சுமந்தது தண்ணீர். முந்தல் களப்பும் ஒல்லாந்தர் கால்வாயும்தான் பல பண்ணைகளுக்கு நீர் எடுக்கும் வாயும் கழிவு விடும் வாயும். இறால் தீனி எடுக்காமல் குளத்தோரம் ஒதுங்கி, ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றிரவு பண்ணைக்காரர் முன் இரண்டு வழிகள் உண்டு: மதகை அடைத்து, குளோரின் போட்டு, நீரைத் தேக்கிவைத்து, பக்கத்துப் பண்ணைக்கும் பண்ணைச் சங்கத்துக்கும் சொல்வது, அல்லது கிடைத்ததை அவசரமாக அள்ளி விற்றுவிட்டு நீரைக் கால்வாயில் திறந்துவிடுவது. இரண்டாவதற்குச் சாட்சி இல்லை. அந்த இடத்தில்தான் ஒருவரின் ஒழுக்கம் தெரியவரும்.

இந்தக் கரைக்குச் சுயகட்டுப்பாடு புதிதல்ல. ரமழானில் வெயிலில் வேலை செய்தபடி தண்ணீர்கூட அருந்தாத முஸ்லிம்களும், தவக்காலத்தில் இறைச்சியை விலக்கும் கத்தோலிக்கரும், ஆடித் தீமிதிப்புக்காக விரதம் காக்கும் உடப்பு மக்களும் யார் கண்காணிப்பிலும் அதைச் செய்வதில்லை. தனித்திருக்கையில் ஒரு மிடறு நீரை மறுக்கத் தெரிந்த மனம், ஒரு மதகை மூடிவைக்கவும் தெரிந்த மனம்தான். வழிபாட்டில் பழகிய அடக்கத்தைத் தொழிலின் வாசலில் கழற்றிவைப்பதே நமது குறை.

ஏழைக்கு இந்த அறிவுரை எடுபடுமா என்று கேட்பார்கள். கடனில் இறால் குஞ்சு விட்டவர் ஒரு போகத்தை இழந்தால் வீடு அடகுக்குப் போகும், கேள்வி நியாயமானது. ஆனால் அவர் திறந்துவிடும் நீர் போய்ச் சேர்வதும் இன்னொரு கடன்காரரின் குளத்துக்குத்தான். பெரிய முதலாளிகள் செய்யாததையா என்பது அடுத்த கேள்வி. அவர்களின் தவறு நம் தவறுக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு, நீருயிரின வளர்ப்புக்குப் பொறுப்பான அரச அதிகாரசபையான நக்டாவின் அதிகாரி ஒவ்வொரு மதகடியிலும் இரவு காவல் இருக்க முடியாது என்பதே பதில். எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்ற கால அட்டவணை பண்ணைச் சங்கங்களின் இணக்கத்தோடு நடப்பதும் அதனால்தான். காவல்காரரை விட, தன் முறை வரும்வரை காத்திருக்கும் அயலவரை நம்பியே அது நிற்கிறது.

தனிமனித மன உறுதி மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. உண்மை சொன்னவர் தனியே நஷ்டப்பட்டால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். ஆகவே ஒவ்வொரு சங்கமும் அறுவடைப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, நோயை முதலில் அறிவிப்பவருக்குக் குளோரின் செலவையும் அடுத்த போகத்துக் குஞ்சின் விலையில் ஒரு பகுதியையும் கொடுக்க வேண்டும்; அறிவிக்காமல் மதகைத் திறந்தவருக்கு அடுத்த முறையில் இடம் மறுக்க வேண்டும். பள்ளிவாசல், கோவில், தேவாலய நிர்வாகங்கள் இந்தத் தீர்மானத்தைத் தங்கள் மேடையிலிருந்தே அறிவிக்கட்டும். அடுத்த முறைக்குக் குஞ்சு விடுமுன் இது நடக்க வேண்டும்.