ஷாதிபூர் வீட்டுக்காரர்களுக்கு ஒரு மடல்

ஷாதிபூர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன்மார் அக்காமாருக்கும், என்னோடு படித்து இன்று சொந்த வீட்டுக்கு மாடி எழுப்பியிருக்கும் தோழிகளுக்கும் எழுதுகிறேன்.

நான் அந்தமானில், நம் ஷாதிபூரில் பிறந்து வளர்ந்தவள். கடற்படையில் இருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு மெயின்லேண்டுக்கு வந்தேன். கொச்சி, கார்வார் என்று சுற்றிவிட்டு இப்போது விசாகப்பட்டினத்தில், மல்காபுரம் பக்கம் குடியிருக்கிறோம். போஸ்டிங் வரும்போதெல்லாம் வீடு தேடி அலையும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. சின்ன வயதில் அதே கூட்டம் நம் தெருவில் படியேறி வந்து கதவைத் தட்டியதை வீட்டுக்குள் நின்று பார்த்தவள். அந்த உரிமையில்தான் நேராகக் கேட்கிறேன். பட்டாளத்துக் குடும்பங்களுக்கு வீடு கொடுங்கள். கொடுப்பதை எழுத்தில் கொடுங்கள். போஸ்டிங் வந்து போகிறவர்களிடம் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

“அவங்களுக்குத்தான் குவார்ட்டர்ஸ் இருக்கே, நம்ம வாசல்ல ஏன் வந்து நிக்கிறாங்க?” என்று ஊரில் பலர் கேட்பதுண்டு. நடப்பதைச் சொல்கிறேன். ஆர்டர் கைக்கு வந்ததுமே பழைய ஊர்க் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் வேலை தொடங்கிவிடும். குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் எம்.இ.எஸ். ஆள் பட்டியலோடு வந்து கட்டில், பீரோ, ஃபேன், குழாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டிருந்தாலும் அதற்குக் காசு கட்டவேண்டும். எல்லாம் முடிந்து சாவியைக் கொடுத்தால் அந்த ஊரில் நமக்கு வீடில்லை. புது ஊரிலும் வீடு தயாராகக் காத்திருக்காது. அங்கே பெயர் ரோஸ்டரில் ஏறவேண்டும். நமக்கு முன்னால் இருப்பவர்களுக்குக் கிடைத்த பிறகுதான் நமக்கு. சில ஊர்களில் சில மாதம், சில ஊர்களில் ஒரு வருடத்தையும் தாண்டிப் போகும். போஸ்டிங்கே இரண்டு மூன்று வருடம்தான். அதில் ஒரு வருடம் வரிசையிலேயே போய்விட்டால் குடும்பம் ஒன்றாக இருப்பது எப்போது? ஆண்களுக்கு மெஸ்ஸில் ஒரு கட்டில் கிடைத்துவிடும். மனைவியும் பிள்ளைகளும் மாமியார் ஊருக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் ‘லிவிங் அவுட்’ அனுமதி வாங்கிக்கொண்டு சிவில் ஏரியாவில் வாடகைக்கு வீடு பிடிக்கவேண்டும்.

அரசாங்கமே போதிய வீடு கட்டிக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். கட்டத்தான் செய்கிறார்கள். மேரிட் அக்காமடேஷன் ப்ராஜெக்ட் என்று 2002-இல் ஆரம்பித்து, நாடு முழுக்க முப்படைக்குமாகச் சுமார் 2 லட்சம் வீடுகள் என்ற கணக்கோடு கட்டம் கட்டமாக வேலை நடந்தது. ஆனால் நம் தீவின் சங்கதி வேறு. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடுமையான தடை போட்டது, கடற்கரை மணல் எடுப்பதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. காட்டுக்கும் கரைக்கும் அது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிமெண்டும் கம்பியும் கப்பலேறி வரவேண்டிய ஊரில், நிலநடுக்க ஆபத்து மிகுந்த மண்ணில் ஒரு குவார்ட்டர்ஸ் எழும்ப எவ்வளவு செலவும் காலமும் பிடிக்கும் என்று மாடி கட்டிய உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

வருகிற குடும்பங்களோ கூடிக்கொண்டேதான் இருக்கின்றன. 1964-இல் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ஜராவா வந்தது. 1985-இல் விமானத் தளமான உத்க்ரோஷ். 2001-இல் நாட்டிலேயே முதல் முப்படைக் கூட்டுக் கட்டளையகமாக அந்தமான் நிக்கோபார் கமாண்ட் இங்கே அமைந்தது. மின்னி பேயில் வேலை பார்ப்பவரும் பிர்ச்கஞ்ச் ராணுவக்காரரும் கோஸ்ட் கார்டுக்காரரும் வீடு தேடி வருவது ஜங்லிகாட், டெலானிபூர், தூத் லைன், நம் ஷாதிபூர் என்று இதே சில பேட்டைகளுக்குத்தான். ஊர்ப் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. வாடகை வீட்டுப் பஞ்சம் மட்டும் போர்ட் பிளேர் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.

இந்தக் குடும்பங்கள் நம் தீவுகளில் என்ன இழந்திருக்கின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தின் குடியிருப்பு கடலை ஒட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. வீரர்களும் மனைவிகளும் குழந்தைகளுமாக நூறு பேருக்கு மேல் அலையில் போனார்கள். வீடு என்று ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் இருந்ததற்காகப் போனார்கள். அங்கிருந்து உயிர் தப்பி விமானத்தில் வந்திறங்கியவர்களுக்குச் சோறும் மாற்றுத் துணியும் கொடுத்த ஊர் நம்முடையது. அதே ஊரில் இன்று ஒரு நேவிக்காரர் மனைவி நாலு வீட்டுக் கதவைத் தட்டி, நாலிலும் “இல்லை” என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறாள் என்று கேள்விப்படும்போது மனசு தாங்கவில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சீசனில் ஹோம்ஸ்டேக்கு விட்டால் சில நாளிலேயே ஒரு மாத வாடகை கைக்கு வந்துவிடும். வெயில் காலத்தில் தனிக்காரி அணையில் தண்ணீர் இறங்கினால் குழாயில் தண்ணீர் வரும் நாளும் குறையும், இருக்கிற சின்டெக்ஸ் தொட்டியை இன்னொரு குடும்பத்தோடு பங்கு போடுவது லேசில்லை. வந்தவர்கள் ஏழெட்டு மாதத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போய்விட்டால் மறுபடி ஆள் தேடவேண்டும். எல்லாம் சரி. ஆனால் பட்டாளத்துக் குடும்பத்தைப் போல மாதம் பிறந்தால் வாடகை வரும் குடித்தனம் வேறு எது? வீட்டு வாடகைப் படியைப் பொறுத்தவரை நம் ஊருக்கு ஒய் வகை நகரத்தின் விகிதம். அகவிலைப்படி 50 சதவீதம் தொட்ட பிறகு அது அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம். ஒரு குடும்பம் காலி செய்தால் அதே யூனிட்டில் வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பத்தை அவர்களே கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். ஷாதிபூரில் நாங்கள் வாடகைக்கு விட்ட எங்கள் வீட்டு முன் போர்ஷன் பூட்டிக் கிடந்ததாக எனக்கு நினைவே இல்லை.

அந்த முன் போர்ஷனில்தான் ஒரு வருடம் ரத்னகிரிக்காரர் குடும்பம் இருந்தது. கறுப்பு ட்ரங்குப் பெட்டிகளில் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதியிருக்கும். அவற்றைத் தெருவிலிருந்து படி வழியே தூக்கிவர எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். அந்த அக்காவுக்கு எட்டாம் மாசம். கணவர் கப்பலில் கேம்பல் பே பக்கம் போயிருந்தபோது ராத்திரியில் வலி எடுத்துவிட்டது. என் அம்மாதான் ஆட்டோ பிடித்து ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அக்காவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மராத்தி தெரியாது, ரெண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது நம் அந்தமான் இந்திதான். விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. குவார்ட்டர்ஸில் இருந்திருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்திருப்பாள், சந்தேகமில்லை. புது ஊரில், சிவில் ஏரியாவில், கணவர் கடலில் இருக்கும்போது ஓடி வரக்கூடிய ஒரே ஆள் வீட்டுக்காரம்மாதான்.

இனி எழுத்து விஷயம். இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இதில்தான் அதிகம் சிக்குகிறோம். வாடகை ஒப்பந்தம் எழுதித் தர நம் ஊரில் பலருக்குத் தயக்கம். ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் புது ஊரில் எங்களுக்கு எதுவும் நகராது. கேஸ் கனெக்‌ஷன் மாற்ற, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, ஆதாரில் முகவரி மாற்ற, எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். தயக்கத்துக்கு ஒரு காரணம் வருமான வரி. பழைய வரிமுறையில் வாடகைக்கு விலக்குக் கேட்பவர் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்தால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் காட்டவேண்டும். அதனால் உங்கள் தலையில் பெரிய வரி விழுந்துவிடாது. வாடகை வருமானத்தில் நகராட்சிக்குக் கட்டிய வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று சட்டமே தள்ளிவிடுகிறது. வேறு பெரிய வருமானம் இல்லாத குடும்பத்துக்குப் பெரும்பாலும் கட்டவேண்டியதே வராது. ஒரு முறை விவரம் தெரிந்தவரிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் தீவுகளுக்கென்றே தனி வாடகை ஒழுங்குமுறைக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன்மாதிரியான 2021-ஆம் வருட மாதிரி வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது, குடியிருக்கும் வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. வீட்டுக்காரருக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது. கெடு முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு வாடகை கட்டவேண்டும். எழுதி வைப்பதால் நஷ்டப்படப் போவது நீங்கள் இல்லை.

சட்டம் சொல்லாத ஒன்றையும் கேட்கிறேன். அமெரிக்காவில் 2003-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. படைவீரருக்கு இடமாற்ற உத்தரவு வந்தால் அதன் நகலை வீட்டுக்காரரிடம் கொடுத்து வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் தீர்ந்துவிடும், அபராதம் கிடையாது. நம் நாட்டில் வீரர் வீட்டுக்காரராக இருந்தால் சட்டம் கைகொடுக்கிறது. ஓய்வு பெறும் படைவீரர் தன் சொந்த வீட்டைக் குடித்தனக்காரரிடமிருந்து விரைவாகத் திரும்பப் பெற டெல்லி வாடகைச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. ஆனால் அதே வீரர் இன்னொருவர் வீட்டில் குடியிருக்கும்போது, போஸ்டிங் வந்தால் அவருக்கு எங்கே பாதுகாப்பு? எங்களுக்கே ஓர் ஊரில் பதினொரு மாத ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கையில் ஆர்டர் வந்தது. வீட்டுக்காரர் முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டார். லாரி வாடகைக்கு என் வளையலை அடகு வைத்துத்தான் கிளம்பினோம்.

இங்கே மல்காபுரத்தில் எங்கள் வீட்டுக்கார அம்மா வேறு மாதிரி. அச்சடித்த ஒப்பந்தத்தின் கடைசியில் பேனாவால் தெலுங்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். போஸ்டிங் ஆர்டரைக் காட்டினால் ஒரு மாத நோட்டீஸ் போதும், முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும் என்பது அதன் பொருள். பக்கத்தில் அவர் கையெழுத்து, என் கணவர் கையெழுத்து. அவரிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. குடியிருந்த ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கும் எதிரே அவர்கள் அடுத்துப் போன ஊர். மும்பை, ஜாம்நகர், கொச்சி, போர்ட் பிளேர். யாராவது புதிதாக வீடு கேட்டு வந்தால் அந்த நோட்டில் உள்ள பழைய ஆளுக்கு ஃபோன் போட்டு விசாரித்துக்கொள்கிறார். மொழி, சாதி, என்ன சமைப்பீர்கள் என்ற கேள்வி எதுவும் கிடையாது. ஷாதிபூரில் பத்து வீட்டுக்காரர்கள் இந்த ஒரு வரியைத் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதினால் போதும், கப்பலிலும் கமாண்டிலும் பேச்சுப் பரவிவிடும். குடித்தனக்காரரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிவு செய்வதையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் யூனிட் அடையாள அட்டையின் நகல் கையில் இருக்கும்போது அது சுலபமான வேலை.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேந்திரிய வித்யாலயாவில் சேர்க்கும்போது கடந்த ஏழு வருடத்தில் அப்பாவுக்கு எத்தனை இடமாற்றம் என்று கணக்கெடுத்து முன்னுரிமை கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளையின் அலைச்சலை எண்ணிப் பார்த்து இடம் ஒதுக்குகிறது. “சின்னப் பசங்க இருந்தா வேண்டாம்” என்று சொல்லும் வீடுகள் நம் ஊரிலும் இருக்கின்றன. தயவுசெய்து அதை விடுங்கள்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கு அவசரக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் தெருவிலிருந்து ஒரு குடும்பம் வரும் மாதம் உங்களிடம் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர் விமானத்தில் முன்னால் வந்து ஜாயின் பண்ணுவார். மனைவியும், மூன்றாவது படிக்கும் பெண்ணும், கைக்குழந்தையும், அவருடைய அம்மாவும் சாமான்களோடு கப்பலில் ஹேடோ துறைமுகத்தில் இறங்குவார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, மேட்டுத் தெருவில் படியேற முடியாது. ஜங்லிகாட்டுக்கு இறங்கும் பக்கம், தரைத் தளத்தில், தண்ணீர்த் தொட்டி தனியாக உள்ள ஒரு போர்ஷன் யாரிடமாவது காலியாக இருந்தால் என் அண்ணனிடம் சொல்லி வையுங்கள். முன்பணமாக இரண்டு மாத வாடகை கையில் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

விசாகப்பட்டினத்திலிருந்து,
உங்கள் ஊர்ப் பெண்