பொருளியல் கற்கப் புகுவோர்க்கு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில், சம்மாந்துறை இல்லங்களிற் பலவற்றில் ஒரு விவாதம் எழுவதுண்டு. பிள்ளை கலைப்பீடத்திற் சேர்ந்து பொருளியல் கற்க விரும்புகிறது. “கணக்கியல், முகாமைத்துவம் என்றால் தொழிலுக்கு வழியுண்டு, கலைப்பீடத்திற்குப் போய் என்ன செய்வது?” என்று வாப்பா கேட்கிறார். பட்டம் பெற்றும் ஆண்டுக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்த கலைப் பட்டதாரிகளை நாடு கண்டிருக்கிறது. ஆகவே அவரது அச்சத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எனினும் அக்கல்வியின் இயல்பை அறிந்தபின் முடிவு செய்வதே முறையாகும்.

1995ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே முழுநிலை எய்தியது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே அமைந்துள்ளது. பொருளியலோ, ஒலுவிலிலுள்ள கலை கலாசார பீடத்திற் போதிக்கப்படுகிறது. இதில் வியப்பில்லை. நாடுகளின் செல்வத்தைப் பற்றி 1776இல் பெருநூல் வெளியிட்ட ஆதம் சிமித், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒழுக்க மெய்யியல் கற்பித்த பேராசிரியர். மனித வாழ்வை ஆராயும் கலைகளின் நடுவிலேயே இத்துறை வளர்ந்தது.

அதன் பயனை நம் வயல்வெளியிலேயே காணலாம். அறுவடைக் காலத்தில் நெல் விலை ஏன் வீழ்கிறது? எல்லோரும் ஒரே வேளையில் விற்க, நிரம்பல் பெருகுகிறது. விலை குறைந்ததென்று எவரும் இரு மடங்கு சோறு உண்பதில்லை. ஆதலாற் கேள்வி அந்த அளவிற்குக் கூடுவதில்லை. இது பாடநூல் தரும் விடை. ஆனால் விலை ஏறும்வரை கமக்காரர் ஏன் காத்திருப்பதில்லை? கடன் தவணையும், களஞ்சியமின்மையும், ஈர நெல்லைக் காயவைக்க இடமின்மையும் அவரை நெருக்குகின்றன. இவ்விடையைக் காண வரலாறும் புவியியலும் சமூகவியலும் துணைவர வேண்டும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அப்போக விளைச்சல் பெரிதும் குன்றியது. பின்னர் அரிசியை வாங்கவே அந்நியச் செலாவணி செலவாயிற்று. ஒரு செலவைத் தவிர்க்குமுன், அதனால் எழக்கூடிய வேறு செலவுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது பொருளியலின் முதற் பாடங்களுள் ஒன்று. அதை மறந்தால் விளைவு உலைப்பானைவரை வந்து சேரும்.

விளைச்சலுக்குரிய ஸக்காத்தை நோக்குங்கள். மழையால் விளைந்ததற்குப் பத்திலொன்று. செலவிட்டு நீர் பாய்ச்சி விளைவித்ததற்கு இருபதிலொன்று. உற்பத்திச் செலவைக் கருத்திற்கொள்ளும் இந்நியாயத்தை நம் கமக்காரர் தலைமுறை தலைமுறையாக அறிவர்.

மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: பட்டத்தை மட்டும் நம்பியிராதீர்கள். புள்ளிவிபரவியலை அஞ்சி ஒதுக்காது கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில நூல்களைப் படிக்கப் பழகுங்கள். ஒரு போகம் முழுவதும் வாப்பாவுடன் அமர்ந்து விதை, உழவு, உரம், அறுவடை இயந்திர வாடகை, கூலி யாவற்றையும் குறித்து வாருங்கள். வீட்டார் கூலியின்றிச் செய்த உழைப்பையும் அதிற் சேருங்கள். அவ்வுழைப்பு வேறெங்கு என்ன ஈட்டியிருக்கும் என்பதே நீங்கள் படிக்கப்போகும் அமையச் செலவு.

பெற்றோரே, அக்கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். உங்கள் வயலின் உண்மையான இலாபத்தைப் பிள்ளை எடுத்துக் கூறுமாயின், அது விரும்பும் துறைக்கே அதனை அனுப்பிவையுங்கள்.