சத்திரசிகிச்சைத் திகதிக்கும் இன்றைக்கும் இடைப்பட்ட மாதங்கள் யாருடைய பொறுப்பு?

போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் முப்பதுகளில் இருந்த பெண்கள் இன்று 45க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதில் இருக்கின்றார்கள். கணவனையோ பிள்ளையையோ இழந்து, முகாமிலிருந்து திரும்பி, தனியாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் இவர்களில் ஏராளம். இந்தத் தலைமுறை இப்போது மாதவிடாய் நிற்கும் பருவத்துக்குள் ஒன்றாக நுழைந்திருக்கின்றது. கர்ப்பப்பைக் கட்டி, கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு, கர்ப்பப்பை இறக்கம் என்று சத்திரசிகிச்சைப் பட்டியலில் பெயர் ஏறுவதும் பெரும்பாலும் இதே வயதில்தான். இரண்டும் சேர்ந்து வரும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எமது பொதுவெளியில் பேச்சே இல்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் இருந்த பெண்களுக்கு உடம்பும் இருந்தது. ஊடகப் படங்களில் அவர்கள் புகைப்படம் ஏந்திய கைகளாகவும் அழும் முகங்களாகவும் மட்டுமே வந்தார்கள்.

இந்தப் பார்வைக்கு ஒரு மருத்துவ விளைவும் உண்டு. இரவில் வியர்த்து விழிப்பது, நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், ஞாபக மறதி ஆகியவை மாதவிடாய் நிற்கும் காலத்தின் அறிகுறிகள். போரின் வடுவும் ஏறக்குறைய இதே உருவத்தில்தான் வரும். ஆகவே வன்னியிலிருந்து வரும் ஒரு பெண் நித்திரை இல்லை என்றதும் 'யோசனை கூடிப்போச்சு' என்று வீட்டாரும், சில வேளைகளில் வைத்தியரும் முடிவு கட்டிவிடுகின்றார்கள். அவளும் அதையே நம்புகிறாள். தகரக் கூரையின் கீழ் சித்திரை மாதத்தில் இருப்பவளுக்கு, வெக்கை வெளியிலிருந்து வருகிறதா, உடம்புக்குள்ளிருந்து கிளம்புகிறதா என்று பிரித்தறிவதும் இலேசானதல்ல.

இனி பட்டியலுக்கு வருவோம். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தீர்ந்து, பேராதனைப் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. அதன் பின் வைத்திய நிபுணர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். புற்றுநோய்ச் சந்தேகமும் பிரசவ அவசரமும் முன்னுக்குப் போகும்போது, 'உயிருக்கு ஆபத்தில்லை' என்று வகைப்படுத்தப்பட்ட கர்ப்பப்பைக் கட்டிகள் பின்னுக்குத் தள்ளப்படுவது வழமை. வட மாகாணத்தில் போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில் ஒன்றுதான். 2024 மே மாதம் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியுடன் பெண்களுக்கான சிறப்பு மருத்துவ நிலையம் திறந்துவைக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் கட்டிடம் மட்டும் கத்தி பிடிக்காது. மயக்க மருந்து நிபுணரும் தாதியரும் இரத்த வங்கியும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒரு பெயர் பட்டியலிலிருந்து குறையும்.

தாமதம் வைத்தியசாலைப் பக்கம் மட்டும் இல்லை. கர்ப்பப்பையை அகற்றினால் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. நாட்கூலிக்குப் போகும், கிணற்றில் தண்ணீர் அள்ளும், நுண்கடன் தவணையை வாராவாரம் கட்டும் பெண்ணுக்கு அந்த ஆறு வாரங்களை யார் கொடுப்பது? விடுதியில் கூட நிற்க ஆளில்லாமல், கிடைத்த திகதியைத் தானாகவே தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. வைத்தியசாலைப் பதிவில் அது 'நோயாளி வரவில்லை' என்ற ஒரு வரியாக மட்டுமே நிற்கும்.

இந்த மாதங்களை வெறும் காத்திருப்பு என்று எண்ணுவதுதான் பிழை. மாதந்தோறும் கட்டி கட்டியாக இரத்தம் போனால் இரத்தச்சோகை வரும். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால், திகதி வந்த அன்று மயக்க மருந்து கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பப்படுவாள். மீண்டும் காத்திருப்பு, மீண்டும் இரத்தப்போக்கு. இந்தச் சுற்றை உடைக்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. பெயர் பதியும் நாளிலேயே இரத்தப் பரிசோதனை செய்து, இரும்புச்சத்துக் குளிசை தொடங்கி, போதாவிட்டால் நாளத்தினூடாக ஏற்ற வேண்டும். குளிசையை பிளேன்ரீயுடன் விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. தேநீருக்கும் குளிசைக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது வேண்டும், தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. காலையும் மாலையும் பிளேன்ரீயில் ஓடும் எங்கள் வீடுகளில் இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் குளிசையைக் கொடுப்பதில் அரைப் பயன்தான்.

இரத்தப்போக்கைக் குறைக்க ட்ரானெக்சமிக் அசிட் குளிசையும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் சாதனமும் இருக்கின்றன. கர்ப்பப்பை இறக்கத்துக்கு, திகதி வரும்வரை தாங்கிப்பிடிக்க உள்ளே வைக்கும் வளையம் உண்டு. எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது, வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் இவை இருக்கின்றன என்றே தெரியாதவள் எப்படிக் கேட்பாள்?

கட்டியைச் சுருக்க, சத்திரசிகிச்சைக்கு முன் சில மாதங்கள் ஒரு வகை ஹோர்மோன் ஊசி போடப்படுவதுண்டு. அது சூலகத்தைத் தற்காலிகமாக உறங்கவைப்பதால், மாதவிடாய் நின்றவளுக்கு வரும் வெக்கையும் வியர்வையும் நாற்பது வயதுக்காரிக்கும் வந்துவிடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவள் புதிய வருத்தம் ஒன்று வந்ததாகப் பயப்படுவாள்.

வெக்கைக்கு ஹோர்மோன் மாற்றுச் சிகிச்சை நன்றாக வேலை செய்யும். ஆனால் காரணம் கண்டுபிடிக்கப்படாத இரத்தப்போக்கு இருக்கும்போது அதைத் தொடங்குவதில்லை. கட்டிகளையும் அது வளர்க்கக்கூடும். அவ்வாறானவர்களுக்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளையே சிறிய அளவில் கொடுப்பார்கள். அவை வெக்கையைக் குறைக்கும் என்பது நிரூபிக்கப்பட்டது. 'எனக்கு மனநோய் என்று எழுதிப்போட்டினம்' என்று நினைத்துக் குளிசையை வீசுவதற்கு முன் அதை எதற்காகத் தந்தார்கள் என்று கேளுங்கள். கடையில் வாங்கும் மூலிகைத் தூள்களையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள், சில இரத்தம் உறைவதைப் பாதிக்கும்.

எங்கள் பெண்கள் மறக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்று உடம்பில் தங்கிப்போன ஷெல் துண்டுகள். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் அது தெரிய வேண்டும். வயிற்றில் முன்பு காயமோ சத்திரசிகிச்சையோ நடந்திருந்தால் உள்ளே தசைகள் ஒட்டியிருக்கலாம், அது சத்திரசிகிச்சையின் போக்கையே மாற்றும்.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும், அது புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு பாட் நனைந்து, தலைசுற்றி மூச்சு வாங்கினால் கிளினிக் திகதியைப் பார்க்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அப்படியானால் இந்த மாதங்களை யாரிடம் ஒப்படைப்பது? புதிய திணைக்களம் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35, 45 வயதுப் பெண்களைக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைப்பதே அவற்றின் முதன்மை இலக்கு. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடோ பிள்ளை பெறும் வயதோடு, 49இல் முடிகிறது. ஐம்பதைத் தாண்டியவளின் வீட்டுப் படலையைத் தட்ட அரச கடமையாக எவரும் இல்லை. பட்டியலில் உள்ளவர்களின் பெயர்களை வைத்தியசாலை இந்தப் பணிமனைகளுக்கு அனுப்பி, மாதம் ஒருமுறை ஹீமோகுளோபினையும் இரத்த அழுத்தத்தையும் அங்கேயே பார்க்கச் செய்யலாம். மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கையில் தொடங்கக்கூடிய வேலை இது.

அதுவரை, சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும் முன் ஒரு கேள்வியையாவது கேட்டுவிடுங்கள்: கர்ப்பப்பை மட்டுமா, சூலகங்களையும் எடுக்கிறீர்களா? மாதவிடாய் நிற்காத பெண்ணிடமிருந்து இரண்டு சூலகங்களையும் எடுத்தால், ஆண்டுகளாக மெல்ல வரவேண்டிய மாற்றம் சில நாட்களுக்குள் வந்துவிடும். எலும்பும் பலமிழக்கும். அதற்கு என்ன மருந்து, எத்தனை வருடங்களுக்கு, எந்தக் கிளினிக்கில் என்பதை வீட்டுக்குப் போகும் துண்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.