தலையை எண்ணினால் போதுமா?

டெக்சாஸில் இருக்கும் என் சித்தி பையன் போன வருஷம் போனில் சொன்ன வாக்கியம் இது: "அக்கா, எங்களைத் தோக்கடிச்சது எதிர் டீம் இல்ல, 2275-ங்கிற நம்பர்." சின்னப் பையன் ஏதோ டயலாக் விடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்தால்.... விஷயம் இருக்கிறது!

முதலில் ஒரு விளக்கம். இது நம்ம கால்பந்து இல்லை. முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் கட்டிக்கொண்டு, ஹெல்மெட் மாட்டி, மோதி விழுந்து விளையாடும் அமெரிக்க ஃபுட்பால். டெக்சாஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் பள்ளிக்கூட மேட்ச் பார்க்க ஊரே மைதானத்தில் இருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். எல்லாரும் எல்லாருடனும் மோத முடியாதில்லையா? அதனால் யூ.ஐ.எல். என்ற அமைப்பு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிகளைப் பிரித்துப் போடுகிறது. அக்டோபர் கடைசியில் ஒரு நாளைக் குறித்து, அன்றைக்கு ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை எத்தனை மாணவர்கள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து 1ஏ முதல் 6ஏ வரை ஆறு பெட்டி. அதற்குள் ஊர் தூரத்தைப் பார்த்து மாவட்டங்கள். பிப்ரவரியில் பட்டியல் வரும் காலையில் கோச்சுகள் எல்லாம் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி கூடி நிற்பார்களாம் :)

2024 பிப்ரவரியில் வந்த பட்டியலில் 6ஏ-வுக்கான கோடு 2275. தம்பியின் பள்ளி அதைக் கொஞ்சமே கொஞ்சம் தாண்டியது. அவ்வளவுதான், மேல் பெட்டி.

இதில் வேடிக்கை என்னவென்றால் 6ஏ-வுக்குக் கீழ்க்கோடு உண்டு, மேல்கோடு கிடையாது. டாலஸ் பக்கம் ஆலன் என்ற ஊரின் பள்ளியில் ஐயாயிரம் பேருக்கும் மேல் படிக்கிறார்கள். அவர்களுடைய ஸ்டேடியம் 2012-ல் சுமார் 6 கோடி டாலர் செலவில் கட்டப்பட்டது, 18,000 பேர் உட்காரலாம். (கட்டி முடித்து இரண்டே வருஷத்தில் காங்கிரீட்டில் விரிசல் விட்டு மூடி வைத்தார்கள் என்பது தனிக்கதை.) அந்தப் பள்ளிக்கும் 2275-ஐ எட்டிப் பிடித்த பள்ளிக்கும் ஒரே பெட்டி.

எந்த மாவட்டத்தில் விழுகிறோம் என்பது இன்னொரு லாட்டரி. 1988-ல் மேற்கு டெக்சாஸில் ஒரே மாவட்டத்தில் ஒடெஸா பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் ஹை மூன்றும் சமமாக முடித்தன. அடுத்த கட்டத்துக்கு இரண்டு இடம்தான். என்ன செய்தார்கள் தெரியுமா? நடுராத்திரியில் லாரிகள் நிற்கும் ஒரு இடத்தில் மூன்று கோச்சுகளும் நின்று காசு சுண்டினார்கள், டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு வேறு! மிட்லண்ட் ஹை வீட்டுக்குப் போனது. பெர்மியன் மாநில அரையிறுதி வரை போனது. "ஃப்ரைடே நைட் லைட்ஸ்" புத்தகம் அந்த சீசனைப் பற்றியதுதான். இப்போது மாவட்டத்துக்கு நான்கு டீம் போகலாம் என்பதால் அந்தக் கொடுமை குறைந்திருக்கிறது.

சரி, நம் மேட்டருக்கு வருவோம். தலையை எண்ணுவது நேர்மையான முறை மாதிரிதான் தெரிகிறது. யாரும் ஏமாற்ற முடியாது, யாரும் சரிபார்க்கலாம். காமர்ஸ் படிக்கிற எனக்கு இந்த மாதிரி எண் என்றால் உடனே பிடித்துவிடும். ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் சொத்து என்று எழுதியதெல்லாம் காசாகி விடுமா என்ன? தம்பியின் டீமில் முப்பத்தெட்டு பேர். எதிரே நூறு பேர் வரிசையாக இறங்குகிறார்கள். இவன் தாக்குதலிலும் நிற்கிறான், தடுப்பிலும் நிற்கிறான், மூச்சு வாங்க நேரமில்லை. இவன் பள்ளியிலும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள்தான். ஆனால் பாதிப் பையன்கள் மாலையில் வேலைக்குப் போகிறார்கள், சில பேர் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பயிற்சி முடிந்தால் வீட்டுக்குப் போக வண்டி கிடையாது. பணக்காரப் புறநகர்ப் பள்ளியில் அதே இரண்டாயிரம் பேரில் தனிப் பயிற்சியாளர் வைத்துக்கொள்கிறவர்களே நிறைய.

கலிஃபோர்னியாவின் தெற்குப் பகுதியில் வேறு வழி. அங்கே நாக் அவுட் பிரிவுகளை, டீம் எப்படி ஆடியது என்று கம்ப்யூட்டர் தரும் மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்கிறார்கள். பலசாலி பலசாலியோடு. நல்ல யோசனைதான், ஆனால் சுமாராக ஆடினால் சுலபமான பிரிவு, நன்றாக ஆடினால் மேட்டர் டேய் மாதிரி மலையோடு மோதல் என்று ஆகிவிடுகிறது. இந்தியானாவில் 2012-ல் கொண்டுவந்த விதி இன்னும் விசேஷம். ஒரு டீம் தொடர்ந்து ஜெயித்தால் பள்ளியையே ஒரு படி மேலே தள்ளிவிடுவார்கள். ஜெயித்த பையன்கள் படிப்பு முடித்துப் போயிருப்பார்கள், மேல் படியில் அடி வாங்குவது ஜூனியர்கள். கடன் வாங்கியவன் ஒருத்தன், வட்டி கட்டுகிறவன் இன்னொருத்தன்!

எனக்குப் பிடித்தது மின்னசோட்டா பல வருஷமாகக் கையாண்ட கணக்கு. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு வாங்கும் மாணவர்களின் எண்ணிக்கையில் 40 சதவீதத்தை மொத்த எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுவார்கள். 2300 பேர் படிக்கும் இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 1500 பேருக்கு இலவச உணவு என்றால் 600 கழிந்து 1700. இன்னொன்றில் 200 பேருக்கு மட்டும் என்றால் 80 கழிந்து 2220. ஒரே மாதிரி தெரிந்த இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து வந்துவிடுகின்றன. யாரும் தோற்றுக் காட்ட வேண்டியதில்லை, போன வருஷம் யாரோ ஜெயித்ததற்கு இந்த வருஷம் யாரும் அழ வேண்டியதில்லை.

ஓட்டை இல்லாமல் இல்லை. 2023-ல் அதே மின்னசோட்டா எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளி உணவை இலவசமாக்கிச் சட்டம் போட்டது. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் எப்படியும் சாப்பாடு கிடைக்கும் என்றால் வருமானப் படிவத்தை எந்த அம்மா மெனக்கெட்டு நிரப்புவார்? படிவம் வராவிட்டால் ஏழைப் பள்ளியும் கணக்கில் பணக்காரப் பள்ளி ஆகிவிடும். அரசின் மற்ற உதவித் திட்டங்களின் பட்டியலிலிருந்து அந்த எண்ணை எடுப்பதுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. 40 சதவீதம் சரியா, 30 போதுமா என்பதையும் சண்டை போட்டுத் தீர்க்கலாம். ஆனால் கழிக்கவே மாட்டேன் என்று டெக்சாஸ் பிடிவாதம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதையெல்லாம் தம்பியிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "நல்லாத்தான் இருக்கு அக்கா, ஆனா என் கடைசி மேட்ச் 2025 நவம்பரோட முடிஞ்சு போச்சு"ன்னு சொல்லிட்டு, முழங்காலுக்கு ஐஸ் வைக்கணும்னு போனை வெச்சுட்டான்.